மேட்டுக்கு வந்த ஏரி

வெண்பாறை மலையூரில் நூற்றைம்பது வருஷமாகக் கிடந்த இடத்திலேயே கிடந்த துரை ஏரி, ஒரு வைகாசி மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை விடிகாலையில், தன்னுடைய மீன்களையும் பாசியையும், பேரூராட்சிக்குச் சொந்தமான பதினான்கு அன்னப் படகுகளையும், 'ஆழம் பதினெட்டு அடி, குளிக்கத் தடை' என்கிற தகரப் பலகையையும் கூட்டிக்கொண்டு எழுந்து, பஸ் நிலையத்தைத் தாண்டி, மாதா கோயில் வளைவைத் தாண்டி, இருநூற்றுப் பன்னிரண்டு படிக்கட்டும் ஏறி, மேட்டுக்காலனியில் போய்ப் படுத்துக்கொண்டது. வழியில் ஒரு கடையையும் அது நனைக்கவில்லை. பஸ் நிலையத்து வாசலில் சுருண்டு கிடந்த நாய்கூட எழுந்திருக்கவில்லை.

ஏன் போனது என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பேரூராட்சி மன்றம் போன வருஷம் 'ஏரி அழகுபடுத்தும் திட்டம்' என்று தீர்மானம் போட்டு, கரையைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போட்டு, தளத்துக்கு மேல் இரும்பு வேலி போட்டு, வேலிக்கு மேல் கலர் விளக்குப் போட்டு, வாசலில் டிக்கெட் கவுண்டரும் போட்டதில் அதற்கு மூச்சு முட்டிவிட்டது என்றார்கள் சிலர். ஏழு லாட்ஜுகளின் கக்கூஸ் குழாய்களும் அதன் வயிற்றில் வந்து முடிந்ததில் ரோஷப்பட்டுப் போய்விட்டது என்றார்கள் சிலர். வீட்டைவிட்டுப் போன மனுஷர்களிடமே ஏன் போனாய் என்று கேட்டு வைத்துக்கொள்ளாத ஊர் அது. ஏரியிடம் போய் யார் கேட்பது?

முதலில் பார்த்தவள் தவமணி. பேரூராட்சியில் தெருக் கூட்டுகிறவள், வயது நாற்பத்திரண்டு. ஐந்தரை மணிக்கு ஆள் எண்ணுகிற மஸ்டருக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும் என்று நாலரைக்கே எழுந்து கதவைத் திறந்தால் வாசற்படியில் தண்ணீர் நிற்கிறது. ராத்திரி மழை பெய்ததோ என்றுதான் நினைத்தாள். மழை பெய்தே ஆறு வாரம் ஆயிற்று என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. காலை வைத்தாள். சில்லென்றிருந்தது. குஞ்சு மீன் ஒன்று வந்து சுண்டுவிரலைக் கடித்துப் பார்த்தது. பக்கத்து வீட்டு லூர்து அக்காவின் ஜன்னலுக்குள் ஒரு வெள்ளை அன்னப் படகு கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தவமணி கூச்சல் போடவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை. உள்ளே போய்க் குடத்தை எடுத்துவந்து மொண்டாள். ஒன்று மொண்டு வைத்துவிட்டு இன்னொன்று மொண்டாள், அண்டாவை நிரப்பினாள், சோற்றுப் பானையை நிரப்பினாள், டம்ளர்களைக்கூட நிரப்பி வரிசையாக வைத்தாள். அதற்கப்புறம்தான் புருஷன் வீரணனைத் தட்டி எழுப்பி, ஏரி வந்திருக்கிறது, எழுந்து முகத்தைக் கழுவுங்கள் என்றாள்.

அவள் அப்படிச் செய்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? மேட்டுக்காலனி என்பது முப்பத்தொரு வீடு, ஒரே வரிசை, முன்னால் பாறைவெளி. துரைமார் காலத்தில் கக்கூஸ் அள்ளுவதற்கென்று அடிவாரத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தவர்கள், அவர்கள் மேல் பட்ட காற்று தங்கள் பங்களா பக்கம் வீசக் கூடாதென்று ஊருக்கு எதிர்த்திசையில் ஒரு மேட்டைப் பார்த்து ஏற்றிவிட்டார்கள். துரைமார் போய்விட்டார்கள், மேடும் கக்கூஸும் காலனிக்காரர்களுக்கே நிலைத்துவிட்டன. அந்த மேட்டில் நின்றால் ஏரி முழுக்கத் தெரியும், தாம்பாளத்தில் வைத்த மாதிரி. குடிக்க மட்டும் ஒரு சொட்டுக் கிடையாது. இருநூற்றுப் பன்னிரண்டு படி இறங்கி, பஸ் நிலையத்துக் குழாயில் பிடித்து, இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏற வேண்டும். வீரணன் நூற்று நாற்பதாவது படியில் இரண்டு குடத்தோடு சறுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டு, அதற்கப்புறம் ஒரு வேலைக்கும் லாயக்கில்லாமல் கம்பை ஊன்றிக்கொண்டு நடக்கிறவன்.

பத்தாவது வரை படித்தவள் என்பதால் காலனிக்கு மனு எழுதும் வேலை தவமணியின் தலையில் விழுந்தது. பதினோரு வருஷம் எழுதினாள். குழாய் கேட்டு எழுதினாள், வீட்டுக்குப் பட்டா கேட்டு எழுதினாள். திங்கள்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். மாதம் ஒரு திங்கள் மலையிறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். எந்த மனுவானாலும் முதல் வரி ஒன்றுதான்: 'ஐயா, நாங்கள் மூன்று தலைமுறைகளாக மேட்டுக்காலனியில் குடியிருந்து வருகிறோம்.' காரியம் தொடங்கும்போது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதுபோல அந்த வரியை உடைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவாள். இந்த வீடு உன்னுடையது என்று சர்க்கார் முத்திரை வைத்த ஒரு காகிதம், செத்துப்போவதற்குள் கையில் வாங்கிவிட வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். கொடுத்த மனுவெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

மேட்டில் தண்ணீர் நிற்குமா என்று கேட்பீர்கள். நின்றது. பொதுப்பணித் துறையிலிருந்து வந்த என்ஜினீயர் மூன்று நாள் கருவி வைத்து அளந்து பார்த்து, ஏரியின் வடகரை தென்கரையைவிட ஒன்பது அடி உயரத்தில் இருக்கிறது என்றும், அப்படி இருக்க விதியில்லை என்றும், மேற்படி நிலைமை மேலிடத்தின் பரிசீலனைக்கு அனுப்பப்படுகிறது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, லூர்து அக்கா அவித்து வைத்திருந்த மக்காச்சோளத்தில் இரண்டைத் தின்றுவிட்டு இறங்கிப் போனார்.

கீழே பழைய இடத்தில் பெரிய குழி. குழிக்குள் ஒற்றைச் செருப்புகள், பீர் பாட்டில்கள், யாரோ யாருக்கோ வாங்கிக் கொடுத்துச் சண்டையில் வீசிய மோதிரங்கள், முந்தைய தேர்தலில் காணாமல் போன ஒரு வாக்குப்பெட்டி. சுற்றிலும் சிமெண்டுத் தளம், வேலி, ராத்திரியானால் சிவப்பும் பச்சையுமாக எரிகிற விளக்கு. டிக்கெட் கொடுப்பதை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் எதுவும் வராததால் கவுண்டரில் இருந்தவர் தொடர்ந்து டிக்கெட் கொடுத்தார், வந்தவர்களும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் குழியைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மன்றத்தின் அவசரக் கூட்டத்தில், முன் அனுமதியின்றி இடம்பெயர்ந்த ஏரி பதினைந்து நாளுக்குள் திரும்பவில்லையானால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று நோட்டீஸ் கொடுக்க ஒருமனதாக முடிவாயிற்று. ஏரியிடம் நோட்டீஸை எப்படிச் சேர்ப்பது என்று விதியில் இல்லை; ஒரு அன்னப் படகின் கழுத்தில் பசை தடவி ஒட்டிவிட்டு வந்தார்கள். அன்றைக்கே அதை மீன் தின்றுவிட்டது.

மேட்டுக்காலனிக்கு முதல் நாற்பது நாளும் திருவிழா. எல்லா வீட்டுக் கம்பளியும் ஜமுக்காளமும் வெளியே வந்தன; மூன்று தலைமுறை அழுக்கு துவைக்கப்பட்டது. பெண்கள் தலைக்குக் குளித்தார்கள், சாயங்காலமும் ஒருதரம் குளித்தார்கள், வேலை இல்லாமலும் குளித்தார்கள். வீரணன் படியில் உட்கார்ந்து உடைந்த முழங்காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டால் பொழுதுசாய்கிற வரை எடுக்க மாட்டான். சுற்றுலாக்காரர்கள் படியேறி மேலே வந்தார்கள். இத்தனை வருஷம் மேட்டுக்காலனி ஆள் என்றால் டீக்கடையில் தனி டம்ளரைத் தேடியவர்களின் ஊரில், வெளியூர்க்காரர்கள் காலனி வீட்டு வாசலில் உட்கார்ந்து காலனி டம்ளரில் டீ குடித்துவிட்டு, இந்தத் தண்ணீருக்கே ஒரு ருசி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தவமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு சந்தோஷப்படுவது தப்போ என்று ஒரு கூச்சமும் இருந்தது. காலையில் மஸ்டருக்குக் கிளம்பும்போது குனிந்து தண்ணீரை ஒருதரம் தொட்டுவிட்டுத்தான் போவாள், தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

இந்தச் சந்தோஷத்தில்தான் அந்தப் புத்தி வந்தது. அவள் மகள் அபிநயா கேட்டரிங் படித்துவிட்டு லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். வரவேற்பு மேஜையில் உட்காருகிற வேலை. இங்கிலீஷ் பேசுகிறாளா, பேசுகிறாள். கம்ப்யூட்டர் தெரியுமா, தெரியும். கடைசியில் விலாசம் கேட்பார்கள். மேட்டுக்காலனி என்று அவள் சொன்னதும், எதிரில் இருப்பவர் பேனாவை மூடிவிட்டுச் சொல்லியனுப்புகிறோம் என்பார். ஒரு லாட்ஜில் மட்டும் சொல்லியனுப்பினார்கள். ரூம் கழுவ ஆள் வேண்டும், வருகிறாயா என்று. அபிநயா அன்றைக்குச் சாப்பிடாமல் ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் தவமணி காலனியைக் கூட்டினாள். இனிமேல் நமக்கு எதற்கு அந்தப் பேர், ஏரிதான் வந்துவிட்டதே, ஏரிக்கரைத் தெரு என்று பேர் மாற்றித் தரச் சொல்லி மனுக் கொடுப்போம் என்றாள். பேரை மாற்றினால் நம்மைப் பார்க்கிற கண் மாறிவிடுமாடி என்று லூர்து அக்கா நொடித்தாள். நொடித்துவிட்டு, முதல் கையெழுத்தை அவள்தான் போட்டாள்.

தவமணி வெள்ளைத் தாளை எடுத்து மடியில் பலகையை வைத்து எழுதத் தொடங்கினாள். பதினோரு வருஷத்துப் பழக்கம், பேனா தானாகவே ஓடியது. 'ஐயா, நாங்கள் மூன்று தலைமுறைகளாக' வரைக்கும் ஓடிவிட்டு ஒரு நிமிஷம் நின்றது. மேட்டுக்காலனி என்கிற பேரை எழுத அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பேரைத் தொலைக்கத்தானே இந்த மனு. 'ஏரிக்கரையில் குடியிருந்து வருகிறோம்' என்று முடித்தாள். பார்க்க அழகாக இருந்தது. வாய்விட்டு இரண்டு தரம் வாசித்தாள், சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அறுபத்திரண்டு கையெழுத்து, அதில் பத்தொன்பது கைநாட்டு. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். காலனி தன் கையால் கெட்டது.

அந்த மனு ஆறே நாளில் நிறைவேறிற்று. பதினோரு வருஷமாக ஒரு மனுவுக்கும் அசையாத பேரூராட்சி, ஆறு நாளில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'ஏரிக்கரைத் தெரு' என்று எழுதி, இரண்டு கம்பி நட்டு, சிமெண்டு போட்டு நிறுத்திவிட்டுப் போயிற்று. செயல் அலுவலர் பத்மநாபன் தவமணியை ஆபீசுக்கு உள்ளே கூப்பிட்டு, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்று மெச்சி, இன்னும் இரண்டு பிரதி அதே மாதிரி எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள், அடித்தல் திருத்தல் இல்லாமல். அன்றைக்குச் சாயங்காலம் காலனியில் கேசரி கிண்டினார்கள். அடுத்த வாரம் அபிநயாவுக்கு ஒரு லாட்ஜில் வேலை கிடைத்தது. விலாசம் கேட்டார்கள், சொன்னாள், எழுதிக்கொண்டார்கள். கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போகிறவளை முப்பத்தொரு வீடும் வாசலில் நின்று பார்த்தது.

மாதாந்திரக் கூட்டம் நடக்கிற அன்றைக்கு மன்றத்துக் கூடத்தைக் கூட்டித் துடைப்பது தவமணியின் முறை. உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்த பிறகும், டீ சிந்தினால் துடைக்க ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பதால், கதவோரத்தில் துணியோடு நிற்பாள். தலைவர் ஜெயசீலனுக்குப் பழைய ஏரியைச் சுற்றி மூன்று லாட்ஜ். மூன்றும் இப்போது குழியைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாற்பது நாளில் மனிதர் பாதியாக இளைத்துவிட்டார் என்று ஊரில் பேச்சு. அன்றைக்கு என்னவோ முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தார். எழுத்தர் ஒவ்வொரு பொருளாக வாசித்துக்கொண்டு வந்தார். தெருவிளக்கு, குரங்குத் தொல்லை, கழிப்பறை ஏலம். ஒன்பதாவது பொருளை வாசித்தபோது தவமணி நிமிர்ந்து பார்த்தாள். அவள் எழுதிய வரி. அவளுடைய முத்து முத்தான வரி. 'மூன்று தலைமுறைகளாக ஏரிக்கரையில் குடியிருந்து வருவதாக மேற்படி நபர்களே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருப்பதால், நீர்நிலையை ஆக்கிரமித்துள்ள முப்பத்தொரு வீடுகளையும் அகற்றி, கரையை அழகுபடுத்தும் பணியை மேற்கொள்ள மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது.' மன்றம் ஒருமனதாக அனுமதித்தது. ஒருவர் கையிலிருந்த டீ சிந்தியது. தவமணி போய்த் துடைத்தாள்.

கூட்டம் கலைந்ததும் செயல் அலுவலரின் அறை வாசலில் போய் நின்றாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"சார், ஏரி வந்தே ரெண்டு மாசம் ஆகல. நாங்க போயி எந்தக் கரையையும் புடிக்கல சார். அதுதான் எங்க வாசலுக்கு வந்துச்சு. ஊருக்கே தெரியும்."

பத்மநாபன் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார். "ஊருக்குத் தெரியும்மா. எனக்கும் தெரியும். ஆனா ஏரி எந்திரிச்சு வந்ததுக்கு ரெக்கார்டு இல்ல. நீங்க ஏரிக்கரையில இருக்கறதுக்கு ரெக்கார்டு இருக்கு. அதுவும் உங்க கையெழுத்துல, மூணு பிரதி."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு. இந்தக் காலத்துப் பூசாரி, கொடுத்த வரத்தையே சாட்சியாக வைத்து ஆளை வெளியே தள்ளுகிறான்.

திங்கள்கிழமை கலெக்டரிடம் போவது என்று காலனி முடிவெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவமணி தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள், எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். 'ஐயா, நாங்கள்' என்று எழுதினாள். அதற்குமேல் பேனா ஓடவில்லை. மூன்று தலைமுறைகளாக என்று எழுதினால், மூன்று தலைமுறையாக ஏரியைத் திருடி வைத்திருந்தவர்கள் ஆகிவிடுவார்கள். இரண்டு மாதமாக என்று எழுதினால், நேற்று வந்து குந்தியவர்கள் ஆகிவிடுவார்கள். மேட்டுக்காலனி என்று எழுதலாமென்றால் அப்படி ஒரு இடம் இப்போது இல்லை, அவள் கேட்டுத்தான் அது போயிற்று, நீலப் பலகை வெளியே நிற்கிறது. வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வருகிற வரை அந்த இரண்டு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாளை நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தாள். பதினோரு வருஷத்தில் அவள் முடிக்காமல் விட்ட மனு அது ஒன்றுதான். மறுநாள் வெறுங்கையோடு போனார்கள். மனு இல்லாமல் உள்ளே விடுவதில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

அவளை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மூஞ்சியில் காறித் துப்பியிருந்தாலும் துடைத்துக்கொண்டு போயிருப்பாள். லூர்து அக்கா எப்போதும்போல மக்காச்சோளம் கொண்டுவந்து வைத்தாள். வீரணன் மட்டும் ஒரு நாள் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டே, அவளைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:

"நீ எழுதலன்னாலும் இடிச்சிருப்பாய்ங்க."

அது நிஜம்தான் என்று அவளுக்கும் தெரியும். அந்த நிஜத்தை வைத்துக்கொண்டு ஒரு செங்கலைக்கூடக் காப்பாற்ற முடியாது.

ஆடி மாதம் இடித்தார்கள். மஞ்சள் இயந்திரம் படியேற முடியாதென்று காட்டுப்பக்கமாக ஒரு பாதை வெட்டினார்கள். மூன்று தலைமுறையாக ஆம்புலன்ஸ் வருவதற்குக் கேட்ட பாதை, இரண்டே நாளில் வெட்டிவிட்டார்கள். இடித்துப் போட்டதை அள்ளுவது யார்? பேரூராட்சியில் குப்பை அள்ளுகிறவர்கள் எல்லோரும் மேட்டுக்காலனிக்காரர்கள்தானே. அன்றைக்கு மஸ்டர் மேட்டிலேயே எடுத்தார்கள். பேர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து கூடையை வாங்கிக்கொண்டு, அவரவர் வீட்டை அவரவர் அள்ளிப் போட்டார்கள். தவமணி தன் அடுப்பங்கரைச் சுவரை எட்டுக் கூடையாகச் சுமந்தாள். புகை ஏறிக் கறுத்த பக்கம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு நான்கு நாள் போகவில்லை. ஏரி இரண்டடி பின்வாங்கி, சிறு அலைகூட இல்லாமல் அத்தனையையும் பார்த்துக்கொண்டு கிடந்தது.

அவர்களுக்கு மலையடிவாரத்தில் இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி வாரியக் குடியிருப்பில் சி பிளாக் ஒதுக்கினார்கள். மூன்று மாடி, மொட்டை மாடியில் பெரிய தொட்டி, தொட்டிக்குள் குருவிக்கூடு. ஐந்து நாளைக்கு ஒருதரம் லாரி. மலையேறுகிற முதல் பஸ் ஐந்து பத்துக்கு; அதில் போனால் மஸ்டருக்கு நேரமாகிவிடும் என்று அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். அபிநயாவின் லாட்ஜில் முதல் ஷிப்டு ஆறு மணிக்கு. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம் புது விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். கறுப்புக் கோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

மேலே ஏரியைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் வந்தது, வேலி வந்தது, கலர் விளக்கு வந்தது. ஜெயசீலனின் நான்காவது லாட்ஜ் அங்கே எழும்பியது. எல்லாவற்றையும் இடித்தவர்கள் அந்த நீலப் பலகையை மட்டும் இடிக்கவில்லை. பேர் நன்றாக இருக்கிறது, வருகிறவர்களுக்குப் பிடிக்கிறது என்று புதுப் பெயிண்டு அடித்துச் சுற்றிலும் செம்பருத்தி வைத்தார்கள். அந்தக் கரையைக் கூட்டுகிற வேலையைத் தவமணிக்குப் போட்டார்கள். தன் வீடு இருந்த இடத்தில், அடுப்பு இருந்த இடத்தில், வீரணனைக் கட்டிக்கொண்டு வந்து முதன்முதலாக விளக்கேற்றிய இடத்தில், பாப்கார்ன் பொட்டலங்களைக் கூட்டி அள்ளினாள். வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அவளோடு கூடவே கரையோரமாக நகர்ந்து வரும். அவள் ஏறிட்டுப் பார்க்க மாட்டாள். பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயம்; அழுதுகொண்டே கூட்டினால் மேஸ்திரி கேள்வி கேட்பான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தவமணிக்கு வார ஓய்வு. விடிந்து வெளிச்சம் வந்த பிறகு எழுந்து, சி பிளாக்கின் கீழ்த்தளத்தில் இருந்த தன் வீட்டுக் கதவைத் திறந்தாள். வாசற்படியில் தண்ணீர் நின்றது.

காலை வைக்காமலே தெரிந்துவிட்டது. குனிந்து பார்த்தாள். இளைத்துப்போயிருந்தது. ஓரமெல்லாம் சிமெண்டுப் பொருக்கு ஒட்டியிருந்தது, கலர் விளக்கு வயர் ஒன்று அறுந்து பின்னால் இழுபட்டு வந்திருந்தது. பதினான்கு அன்னப் படகில் ஒன்றுதான் மிச்சம்; அது மாடிப்படிக்குக் கீழே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது. இருபத்திரண்டு கிலோமீட்டர், அத்தனை கொண்டைஊசி வளைவும் இறங்கி, விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறது. குஞ்சு மீன், இப்போது விரல் நீளம் வளர்ந்திருந்தது, வந்து அவள் சுண்டுவிரலைத் தேடியது. தொலைந்துபோன பிள்ளை வீடு தேடி வந்த மாதிரி தவமணிக்கு ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது, வந்த வேகத்திலேயே அதற்கு மேல் ஒரு பயம் ஏறி உட்கார்ந்தது. இதற்கும் கீழே எங்கே அனுப்புவார்கள்? மலை முடிந்துவிட்டது.

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. லூர்து அக்கா வந்தாள், மாடியிலிருந்தவர்கள் இறங்கி வந்தார்கள், வீரணன் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். லாரி வந்து ஐந்தாவது நாள்; வீடுகளில் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஒருவர் கையிலும் குடம் இல்லை. தவமணி உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். பேரூராட்சி கொடுத்த நீளக் கழி விளக்குமாறு.

"போயிரு தாயி," என்றாள். "உன்மேல ஒரு குத்தமும் இல்ல. நீ வந்தா பின்னாலயே அவுங்க வருவாங்க. போயிரு."

கூட்டித் தள்ளினாள். அது இரண்டடி போய்விட்டுத் திரும்ப வந்து அவள் காலடியில் நின்றது. இன்னொருதரம் தள்ளினாள், இன்னொருதரம் வந்தது. மூன்றாவது தரம் விளக்குமாற்றை ஓங்கி அடித்தாள். தண்ணீர் தெறித்து முகமெல்லாம் நனைந்தது. அவள் அழுதுகொண்டே அடித்தாள். மற்றவர்களும் விளக்குமாற்றோடு இறங்கினார்கள். தெருத் தெருவாக ஒரு ஊரையே கூட்டித் தள்ளிப் பழகிய கைகள், நாற்பது விளக்குமாறு, ஒரே சீராக. வீரணன் கம்பால் அன்னப் படகின் நெஞ்சில் முட்டுக் கொடுத்துத் தள்ளினான். ஏரி கடைசியில் அடிபட்ட நாயைப்போல ஒடுங்கி, சீமைக்கருவேலங் காட்டுப்பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. அதற்கப்புறம் அதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. வெண்பாறையில் இரண்டு குழிகளுக்கும் வேலி இருக்கிறது, இரண்டுக்கும் டிக்கெட் கொடுக்கிறார்கள்.

அது போன பிறகு எல்லோரும் பழைய சேலைகளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்து துடைத்தார்கள். படியைத் துடைத்தார்கள், சுவரோரத்தைத் துடைத்தார்கள், பாசி பட்ட இடத்தை நகத்தால் சுரண்டினார்கள். தாசில்தார் ஆபீஸ் ஆள் யாராவது வந்து பார்த்தால் ஓர் ஈரம் தெரியக் கூடாது. வறண்ட உதட்டை நக்கிக்கொண்டே துடைத்துக்கொண்டிருந்த அபிநயா, "ஒரு சொம்பாவது மொண்டு வச்சிருக்கலாம்லம்மா," என்றாள். தவமணி துணியைப் பிழிந்து, பிழிந்த தண்ணீரின் மேல் மண்ணை அள்ளிப் போட்டு மூடினாள். வெயில் ஏறி, படி நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று கையை வைத்துப் பார்த்த பிறகு, முப்பத்தொரு வீட்டுக் குடங்களையும் எடுத்துக்கொண்டு போய் லாரி வருகிற பக்கமாக வரிசையில் வைத்தார்கள்.